நிறுத்தி நிறுத்திப் போங்கள்! நெடுஞ்சாலைப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் நீண்ட சாலைப் பயணம் பற்றி அனுப்பிய கேள்விகளிலிருந்து சில இங்கே.

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. பிள்ளைகளோ “கார்லயே போகலாம்ப்பா” என்று பிடிவாதம். என் மாமனார், “பெட்ரோலுக்கு ஏன் மாப்ளே கொட்டிக் கொடுக்கறீங்க?” என்கிறார். காரில் போவதில் அப்படி என்ன சுகம்? போவதென்றால் எந்த வழி நல்லது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் மாமனாரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். கடற்கரை வழியாகப் போக சுமார் 400 கி.மீ. அங்கே சுற்றுவதையும் சேர்த்து, போய்வர 850 என்று வையுங்கள். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் காருக்கு 53 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 5,300 ரூபாய், டோல்கேட் தனி. ஒருவராகப் போனால் மாமனார் சொல்வது நியாயம். ஐந்து பேர் போகும்போது ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான், அங்கே ஆட்டோ பிடிக்கும் செலவும் இல்லை.

சுகம் எதில் என்றால், நினைத்த இடத்தில் நிற்க முடிவதில். ரயில் ஜன்னலில் ஒரு கோட்டையோ உப்பளமோ தெரிந்தால், பார்த்து முடிப்பதற்குள் போய்விடும். காரில் பார்த்தால் இறங்கிவிடலாம். ஆனால் பலர் காரையும் ரயில் மாதிரியே ஓட்டுகிறார்கள்: விடியற்காலை கிளம்பி, ஒரே மூச்சில் 400 கி.மீ. அடித்து, “ஆறரை மணி நேரத்துல வந்துட்டோம்” என்று பெருமை பேசுகிறார்கள். அதற்குப் பெட்ரோல் செலவழிப்பது உண்மையிலேயே தண்டம்தான். எனவே ராமேஸ்வரத்தை இரண்டு நாள் பயணமாக வையுங்கள், நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ இரவு தங்குங்கள்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குச் சிதம்பரம். கோயில் பார்ப்பதாக இருந்தால் அப்போதே பாருங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்கு மேல்தான் திறக்கும். இது தெரியாமல் ஒரு மணிக்குப் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். படகுச் சவாரிதான் வேண்டும் என்றால் கோயிலை விட்டுப் பிச்சாவரத்துக்குத் திரும்புங்கள். இரண்டையும் ஒரே காலையில் அடைத்தால் மற்றதெல்லாம் ஓட்டமாகிவிடும்.

சீர்காழி தாண்டியதும் கவனம் வேண்டும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை பல ஊர்களை ஒதுக்கிவிட்டே போகிறது. பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் வண்டி தானாகத் திரும்பாது, பலகை பார்த்து இடப்பக்கம் இறங்க வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை அலையடிக்கும் தூரத்தில் நிற்கிறது. ஒரு மணி நேரம் போதும். பிறகு காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் மீன் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். கிடைப்பது குறைவு, விலை அதிகம்.

இரண்டாம் நாள்தான் ருசியே. வேளாங்கண்ணி தாண்டித் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று சாலை ஊர்களுக்குள் புகுந்து புகுந்து போகும். நேரம் மிச்சமிருந்தால் வேதாரண்யம் பக்கம் ஒதுங்கி உப்பளங்களைப் பாருங்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகம் நடந்த மண் அது. அக்டோபர் முதல் மார்ச் வரை என்றால் கோடியக்கரையில் வலசைப் பறவைகளும் இருக்கும். மல்லிப்பட்டினத்தை ஒட்டிக் கடலோரத்தில் மனோரா கோபுரம் நிற்கிறது. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடித் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-ஐ ஒட்டிக் கட்டியது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் கோபுரம்! பிறகு மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். தொண்டிக்குத் தெற்கே சாலையோரக் கடைகள் குறையும், அதற்கு முன்பே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயவைப்பார்கள். குவியலைச் சுற்றிக் கல்லும் கட்டையும் வைப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகு அந்தக் கல் அங்கேயே கிடக்கும். இரவில் அதன்மேல் ஏறினால் டயரின் பக்கச்சுவர் கிழியும், அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. எனவே இந்தப் பாதையை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் சாலையோரம் நிறைந்திருப்பார்கள். அப்போது அதிகாலை இருட்டில் இந்த வழியில் ஓட்டவே வேண்டாம்.

பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் நன்றாகத் தெரியும். பார்க்கலாம், ஆனால் காரைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். தனுஷ்கோடிக்குக் காலையில் போங்கள். மாலையானால் சோதனைச் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் நெடுந்தூரம் போகும்போது டயரில் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்களே, சரியா? நைட்ரஜன் அடிக்க வேண்டுமா?
– வாசகர், நெய்வேலி

பதில்: தவறு, ஆபத்தான தவறும்கூட. “சூட்டில் காற்று விரியும், டயர் வெடிக்கும், அதனால் குறைச்சு வை” என்பது கேட்க நியாயமாக இருக்கும். நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. 90 கி.மீ. வேகத்தில் இது மணிக்கணக்காக நடந்தால் உள்ளே ரப்பரும் நூல் அடுக்கும் பிரிந்து டயர் வெடிக்கும். வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று கூடியதால் அல்ல, குறைந்ததால் வெடித்தவை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இருவர் போக ஒரு அளவு, முழு ஆளும் சாமானும் ஏற்றினால் இன்னொரு அளவு என்று அதில் போட்டிருக்கும். நீங்கள் வைக்க வேண்டியது இரண்டாவது. இது குளிர்ந்த டயருக்கான அளவு. ஒவ்வொரு ஐந்தாறு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடும், ஓடியபின் 4 முதல் 6 வரை ஏறுவது சகஜம். கம்பெனிக்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துத்தான் அளவு போட்டிருக்கிறார்கள். எனவே வழியில் சூடான டயரை அளந்து, “கூடிடுச்சு” என்று இறக்கிவிடாதீர்கள். காலையில் கிளம்பி மூன்று கி.மீ.-க்குள் உள்ள பெட்ரோல் பங்கில் பார்ப்பதே சரியான அளவு.

நைட்ரஜன் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் கொடுக்கும் காசில் நல்ல காற்றளவு மானி ஒன்று வாங்குங்கள்.

டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் மேட்டு வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்றியாக வேண்டும். மழைக்காலம் என்றால் 3 மி.மீ.-யிலேயே மாற்றுவது புத்திசாலித்தனம்.

கேள்வி: கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸ் விட்டு எடுத்தால் போதுமா? ஸ்டெப்னி மாற்றும் முறையையும் சொல்லுங்கள். பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட மாற்றியதில்லை.
– வாசகர், வில்லியனூர்

பதில்: முதல் நாள் வேண்டாம். சர்வீஸில் கழற்றி மாட்டியதில் ஏதாவது சரியாக உட்காராமல் இருந்தால் அது முதல் நூறு கி.மீ.-யில்தான் தெரியும். அந்த நூறு கி.மீ. செஞ்சிக்கு அப்பால் வரக்கூடாது, உங்கள் ஊர்ச் சுற்றிலேயே வரட்டும். பத்து நாள் முன்பே சர்வீஸ் முடித்துவிட்டு, ஒருநாள் திண்டிவனம் வரை போய்வாருங்கள். பிரேக் ஒருபக்கம் இழுக்கிறதா, ஸ்டீயரிங் 80-இல் ஆடுகிறதா, நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் சோதித்துவிடுங்கள். அது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் காலை வாரும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மலையேறுவதாக இருந்தால் இதில் சமரசம் வேண்டாம்.

கூலன்ட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள். வழியில் சூடு முள் ஏறினால் ஏ.சி.-யை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, முக்கால் மணி நேரம் சும்மா இருங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கொதிக்கும் எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடும்.

இனி ஸ்டெப்னி. இதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள். முதலில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதே பாதி வேலை. வருடக்கணக்கில் தொடாத ஸ்டெப்னி, தேவைப்படும் அன்று தட்டையாக இருக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விடுங்கள். மாற்றும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஐம்பது காலடி பின்னால் நடந்து போய்ச் சிவப்பு முக்கோணத்தை நிறுத்துங்கள். சாலையின் நடுப்பக்கச் சக்கரம் என்றால் பஞ்சராகவே மெதுவாக உருட்டியாவது அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள். டயர் போனால் போகட்டும்.

நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைத் திருகு தளர்த்துங்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும், அழுத்தினால் கார் ஜாக்கியிலிருந்து நழுவும். ஸ்பேனர் கையால் நகராவிட்டால், இடப்பக்கம் நீட்டி வைத்துக் காலால் மிதியுங்கள், உடல் எடையில் விடும். ஜாக்கி உட்கார வேண்டிய இடத்தில் கீழ்விளிம்பில் இரண்டு வெட்டுக்குறி இருக்கும். அதற்கு இடையில்தான் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் தகடு நசுங்கும். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கடியில் படுக்கவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும், உங்கள் கைமேல் அல்ல. சக்கரம் மாற்றி, நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக இறுக்கி, காரை இறக்கிய பிறகு முழுப் பலத்தோடு முடுக்குங்கள். ஐம்பது கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு முடுக்கு. ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சிறியதாக இருந்தால் அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது.

கேள்வி: எனக்கு லைசென்ஸ் உண்டு, ஊருக்குள் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் வெளியூர் என்றால் கணவர் ஸ்டீயரிங்கை விடமாட்டார். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி ஒருவரே விடிய விடிய ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதே என் வேலை. இது சரியா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: சரியில்லை அம்மா. இந்தப் பதிலை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

நள்ளிரவு 2 முதல் 5 வரை, மதியம் 2 முதல் 4 வரை உடம்பே தூக்கத்துக்குச் சரியும் நேரம். பேச்சு, பாட்டு, ஜன்னல் காற்று எதுவும் அதை நிறுத்தாது, பத்து நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கடந்த இரண்டு கி.மீ. எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லை, வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறது, திரும்ப வேண்டிய இடம் தவறுகிறது: இவையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதன் அடையாளம். அப்போது செய்ய வேண்டியது: பங்கிலோ ஓட்டல் வளாகத்திலோ நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் தூங்குவது. காபி வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இரவு ஒன்பதுக்குப் படுத்து, காலை நாலரைக்குக் கிளம்புவது எல்லா வகையிலும் மேல். முதல் இரண்டு மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் நான்குவழிச் சாலை காலியாக இருக்கும், பழக அதைவிட நல்ல நேரம் இல்லை. அவர் பின்சீட்டில் உட்காரட்டும். முன்சீட்டில் இருந்தால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். சொந்தக் காரின் முழுக் காப்பீடு, உரிமையாளர் சம்மதத்தோடு செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பொருந்தும். அந்தச் சாக்கும் செல்லாது.

எதிர்வண்டி ஹைபீம் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேள்வி: மின்சாரக் காரில் பெங்களூரு போய்வர முடியுமா? ஒரு சார்ஜில் 400 கி.மீ. என்று சொல்லித்தான் விற்றார்கள்.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் அந்த 400-ஐ நம்பி அல்ல. ஏ.சி. போட்டு, நெடுஞ்சாலை வேகத்தில், நால்வரோடு போனால் முக்கால் பங்கு, அதாவது 300 கிடைத்தால் நல்லது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு சுமார் 310 கி.மீ. போகும்போது இன்னொன்றும் சேரும்: நீங்கள் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள். ஆளும் சாமானுமாக 1,800 கிலோ உள்ள கார் அவ்வளவு உயரம் ஏற, ஓட்டத்துக்கு ஆவது போக, கிட்டத்தட்ட நாலரை யூனிட் கூடுதலாகப் பிடிக்கும். திரும்பும்போது இறக்கத்தில் அதில் ஒரு பகுதி மீளும். அதனால் போகும்போது ஒரு சார்ஜ் நிச்சயம் தேவை, வரும்போது கொஞ்ச நேரச் சார்ஜே போதும்.

கிருஷ்ணகிரியில் சார்ஜ் போடுவதாகத் திட்டம் வைத்து, திருவண்ணாமலையை மாற்றிடமாகக் கையில் வைத்திருங்கள். சார்ஜர் பழுது, வரிசை இரண்டும் சகஜம் என்பதால் 20 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள். 80-க்கு மேல் ஏறுவது ஆமை வேகம். அங்கேயே காத்திருப்பதற்குப் பதில் கிளம்பிவிடலாம். வேகம்தான் பெரிய செலவு: 80-இல் போவதைவிட 100-இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். பெட்ரோல் காருக்கும் இதே கணக்குதான், அங்கே அது கண்ணில் படுவதில்லை.

பெளர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலை வழியை மறந்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் ஊரைக் கடக்கவே மணிக்கணக்கில் ஆகும். செஞ்சிக் கோட்டையின் மூன்று குன்றும் சாலையிலிருந்தே தெரியும். அதில் ராஜகிரிக் குன்று ஏறி இறங்க அரை நாள் வேண்டும், வெயிலுக்கு முன் ஏற வேண்டும். “போற வழியில ஒரு எட்டு” என்று பார்க்கும் இடம் அல்ல அது.

கேள்வி: ஐந்து வயது மகன் அரை மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறான். வழிச் சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?
– வாசகி, பண்ருட்டி

பதில்: கண் “நிற்கிறோம்” என்று சொல்ல, காதின் உள்பகுதி “ஓடுகிறோம்” என்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவதுதான் இந்த வாந்தி. போனில் வீடியோ பார்த்தால் நிச்சயம் வரும். நடுசீட்டில், குழந்தை இருக்கையில் கொஞ்சம் உயரமாக உட்காரவைத்து, முன்கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பு முன் வயிறு முட்டப் பாலும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். காருக்குள் தொங்கவிடும் வாசனைப் புட்டியை எடுத்துவிடுங்கள், பாதிப் பிள்ளைகளுக்கு அதுவே வாந்தியைக் கிளப்பும். மாத்திரை என்றால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி வந்தபின் கொடுத்துப் பயனில்லை. அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை, ஓட்டுகிறவர் தொடக்கூடாது.

சாப்பாட்டில் விதி ஒன்றுதான்: ஆறவைத்துக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து, அந்த ஈரத்தில்தான் கெடும். இட்லியை ஆறவிட்டு, இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி அடுக்கினால் மதியம் வரை பஞ்சு போல இருக்கும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. புளிசாதத்துக்கு எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஒரு ஆழாக்கு அரிசிக்கு நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் இருந்தால் இரவு வரை தாங்கும். தயிர்சாதத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசியைக் குழைய வடித்து, சூட்டில் மசித்து, மூன்று ஆழாக்கு காய்ச்சிய பால் விட்டு, வெதுவெதுப்பானதும் ஒரு மேசைக்கரண்டி தயிர் மட்டும் கலந்து உப்பு போடுங்கள். காலை ஆறுக்குக் கலந்தது பன்னிரண்டுக்குப் புளிக்காத தயிர்சாதமாக இருக்கும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நம் ஊர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்? 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல். இரண்டும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையே வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. காற்றழுத்தத் தாழ்வு என்று வானிலை மையம் சொன்னாலே தேதியைத் தள்ளிவையுங்கள். ரத்துக் கட்டணம் இல்லாத அறையாகப் பதிவு செய்யுங்கள்.

சாதாரண மழை என்றால் ஓட்டலாம், 70-க்கு மேல் வேண்டாம். தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டினால் இறங்காதீர்கள். அதற்குக் கீழே என்றால் முதல் கியரில், நிற்காமல், ஒரே சீராகப் போங்கள், ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவையுங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்க்காத காப்பீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

மழை விட்டுச் சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியதும் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் வரும். இருட்டில் அது தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

கேள்வி: புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்பதால் கேனில் பிடித்துப் போகலாமா? கூடவே நண்பருக்கு ஒரு பாட்டிலும்…
– வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: டாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள், கேன் வேண்டாம். டிக்கியில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால், தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கடற்கரை வழி போனால் காரைக்காலிலும் ஏறக்குறைய புதுச்சேரி விலைதான், அங்கே மறுபடி நிரப்பலாம். பம்ப் தானாக நின்றபின் “இன்னும் கொஞ்சம்” என்று திணிக்காதீர்கள். மதுப் பாட்டிலும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் மாட்டினால் வழக்கு வரும், வண்டியும் போகலாம். நண்பர் வந்து மீட்கமாட்டார்.

கேள்வி: ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் லாபமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில்தான் செல்லும், மாநிலச் சாலைகளில் வழக்கமான ஃபாஸ்டேக் இருப்பிலிருந்து கழியும். வருடத்துக்கு நாற்பது ஐம்பது டோல் தாண்டுகிறவருக்கு லாபம். ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால், 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கம் என்றால் இரண்டு மடங்கும், யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கும் கட்ட வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உதவிக்கு 1033-ஐ அழையுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர், இரண்டு பைக்கில் கன்னியாகுமரி போகிறோம். என்ன எடுத்துப்போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்

பதில்: சுமார் 600 கி.மீ., ஒரே நாளில் வேண்டாம் தம்பி. மதுரையில் தங்குங்கள். செயினை 500 கி.மீ.-க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள். அன்றைய ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போது விட்டால் உள்ளே இறங்கும். நியூட்ரலில், எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது துணியோடு போய் விரலை இழந்தவர்கள் உண்டு. கூடுதலாக ஒரு கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், டியூப் டயர் என்றால் டியூப். நெல்லை தாண்டினால் காற்றாலைகள் தெரியும். காற்றாலை தெரிந்தால் பக்கக்காற்றும் உண்டு, லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியில் வண்டியைத் தள்ளும், கைப்பிடியை இறுக்காமல் முழங்காலால் டாங்கியைப் பிடியுங்கள். பையை உயரமாக அடுக்காமல் பின்சக்கரத்துக்கு இருபுறமும் தாழ்வாகக் கட்டுங்கள், தொங்கும் பட்டை ஒன்றுகூட இருக்கக்கூடாது, அது செயினில் சிக்கும். பின்னால் இருப்பவருக்கும் கட்டுப்பட்டையோடு ஹெல்மெட்.

கேள்வி: தனுஷ்கோடி போய்வந்த பிறகு காருக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: வந்த இரண்டு நாளுக்குள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டுக் கீழே விட்டுவிடுவார்கள். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து சைலன்சர் மூட்டு, பிரேக் குழாய், சக்கர வளைவின் உள்மடிப்பு இவற்றில்தான் துருவைத் தொடங்கும். சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள், எஞ்சின் அறைக்குள் மட்டும் அழுத்தத் தண்ணீர் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் தனுஷ்கோடி மணல் ஒரு பிடி விழும். நான்கு டயரிலும் ஆணி, கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகக் காற்று இறங்கும் டயர் ஒரு வாரம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.